நாவல் மரத்துக்குக் கொடுத்தவை

மழைக்கு விட்ட லீவு, தேர்த் திருவிழாவுக்கு விட்ட லீவு, ஓட்டுப்பெட்டி வைப்பதற்குப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டதால் விட்ட லீவு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று விட்ட லீவு, எதற்கென்றே சொல்லாமல் முந்தின நாள் சாயங்காலம் போனில் செய்தி அனுப்பி விட்ட லீவு என்று லீவுக்கு மேல் லீவாக வந்த ஒரு வருஷத்தில், மலையடிவாரத்து வெள்ளைச்சாரல் குடியிருப்பில் இருந்த நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தோம், ஏனென்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மகராசன் யாரும் எங்கள் ஆபீசுக்கு விடவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை. பிள்ளை ஒரு தும்மல் போட்டால் கடல் தாண்டி இருக்கும் மேலதிகாரிக்குக் கேட்டுவிடும். அந்த நேரத்தில்தான் தேவா அங்கிளின் பச்சை நிற வேன் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது.

தேவாவும் ஒரு காலத்தில் எங்களைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்தான். முதுகுவலி வந்ததும் வேலையை விட்டுவிட்டு, காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, லீவு நாளில் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செருப்பில்லாமல் சருகு மேல் நடக்கவிட்டு, மரவட்டையைக் கையில் ஏற்றி, யானை லத்தியைக் குச்சியால் பிரித்துப் பார்க்கச் சொல்லி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அழுக்கும் சந்தோஷமுமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அவருடைய காட்டில் ஒரே ஒரு விதிதான். ஒரு இறகைக்கூட அங்கிருந்து எடுத்து வரக் கூடாது, ஆனால் எதையாவது கொடுக்காமலும் வரக் கூடாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து இரண்டு விதைப்பந்து கொண்டுபோய், வேனில் ஏறுவதற்கு முன்னால் அங்கே நடுவில் நிற்கும் பெரிய நாவல் மரத்தடியில் போட்டுவிட்டு வர வேண்டும். மண்ணும் சாணமும் பிசைந்து வேப்பங்கொட்டை வைத்து உருட்ட வேண்டிய அந்தப் பந்துகளை நாங்கள் எல்லோரும் ஆன்லைனில் டப்பா டப்பாவாக வாங்கிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு சுகந்தியுடையது. புருஷன் துபாயில் கப்பல் பட்டறையில் இருந்தான். சுகந்தி காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே தோசை ஊற்றுவாள், துணி காயப்போடுவாள், மகளுக்கு ஜடை பின்னுவாள். அந்த மகள் தன்விகாவுக்கு ஏழு வயசு. அவளைப் போலப் பேசுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. லிப்டில் ஏறினால் கண்ணாடியிடம் பேசுவாள், இறங்கினால் வாட்ச்மேனிடம் பேசுவாள், பல் தேய்த்துக்கொண்டே நுரையோடு பேசுவாள், தூக்கத்தில் கனவில் வந்தவர்களுக்குப் பதில் சொல்வாள். பூரானுக்கு ஷூ வாங்கினால் எத்தனை ஜோடி வேண்டும், நிலாவை யாராவது துடைக்கிறார்களா, சாம்பாரில் முருங்கைக்காய்க்கு வலிக்குமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போவாள். பள்ளி டைரியில் வாரத்துக்கு மூன்று தடவை சிவப்பு மையில் புகார் வரும். 'கொஞ்சம் வாயை மூடுடி' என்பதுதான் எதிர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அதிகம் கேட்ட வாக்கியம். சுகந்தியைக் குறை சொல்ல மாட்டேன், அதை நாங்களும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

ஆடி மாசத்து மழை லீவு ஒன்றில், முந்தின ராத்திரி கண்ட கனவைச் செருப்பு ஸ்டாண்டுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்த தன்விகா, அதன் மேலிருந்த விதைப்பந்துகளை எடுக்க மறந்துவிட்டு வேனில் ஏறிப் போனாள். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் மரத்தடியில் பந்தைப் போட்டுவிட்டு வேனுக்கு ஓட, அவள் மட்டும் வெறுங்கையை விரித்துக்கொண்டு நின்றாளாம். கூட இருந்த என் மகன் நிரஞ்சன்தான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான்.

"வெறுங்கையோட வேன்ல ஏறக் கூடாது கண்ணு, அது ரூல்" என்றிருக்கிறார் தேவா. "உங்கிட்ட எது நெறைய இருக்கோ அதைக் குடுத்துட்டு வா. சீக்கிரம், எல்லாரும் வெயிட் பண்றாங்கல்ல?"

அவர் மனசில் நினைத்தது ஒரு ரிப்பனோ டிபன் டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு பருக்கையோவாக இருக்கும். தன்விகா கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறாள். பிறகு நாவல் மரத்தில் அவள் உயரத்துக்கு இருந்த பொந்தில் முகத்தைக் காதுவரை நுழைத்து, ஒரு டம்ளர் பால் குடிக்கும் நேரம் அப்படியே நின்றுவிட்டு, வந்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான் வேன் முதல்முறையாகச் சத்தமில்லாமல் ஊருக்குள் வந்தது என்று தேவா எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

சுகந்திக்கு அன்று மீட்டிங் நீண்டுவிட்டது. மகள் வந்ததும் குளித்ததும் தெரியும், ஏதோ குறைகிறது என்பது மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒரு குறையும் இல்லைங்க, எல்லாம் நல்லா இருக்குது, பேச்சு மட்டுந்தான் இல்லை" என்று, கடையில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். அடுத்த லீவில் காட்டுக்குப் போன பிள்ளைகள் நாவல் மரத்தின் மேலே, கறுப்பாய், வால் இரண்டாகப் பிரிந்த ஒரு ரெட்டைவால் குருவி, "பூரானுக்கு ஷூ வாங்கினா எத்தனை ஜோடி வேணும்?" என்று தன்விகாவின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சுகந்தி பதறிப்போய் தேவாவைக் கேட்டபோது, "மரம் வாங்கிக்கிச்சுங்க, நல்ல மனசோட குடுத்தா வாங்கிக்கும்" என்றார்.

நாங்கள் ஆச்சரியப்பட்டோமா என்று கேட்டால், ஒரு வாரம்போல ஆச்சரியப்பட்டோம், பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. லிப்ட் அமைதியாகப் போனது. பள்ளிக்கூடத்தில் தன்விகாவுக்கு ஒழுக்கத்துக்கான பேட்ஜ் கொடுத்து மேடையில் நிற்கவைத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், அவள் வாழ்க்கையில் வாங்கிய முதல் கைத்தட்டு அதுதான். பெரியவர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி எவ்வளவு சமத்து என்றார்கள். சுகந்திகூட என் மனைவியிடம், "பாவமாத்தான் இருக்குதுக்கா, ஆனா மூணு வருசத்துல மொத தடவையா ஒரு மீட்டிங்கை முழுசாக் கேட்டேன்" என்று சொல்லி, சொன்னதற்காகவே உடனே அழுதாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை வந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வந்தது. சங்கச் செயலாளர் நாச்சிமுத்து, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், பேத்தி இடது கையால் சாப்பிடுவது பந்தியில் அசிங்கமாக இருக்கிறது என்று அவளைக் காட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் வந்தவள் வலது கையால் பிசைந்து சாப்பிட்டாள். டி பிளாக்கில் இருட்டுக்குப் பயந்த பையன் பயத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆறாவது மாடிப் பெண் ஒருத்தி, வயசுக்கு வரப்போகிறவள், அவளுடைய அம்மா சொன்னதால் வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பை மரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அழுகையைக் கொடுத்தவர்கள் உண்டு, அடத்தைக் கொடுத்தவர்கள் உண்டு, அப்பா மடியில்தான் தூங்குவேன் என்கிற பழக்கத்தைக் கொடுத்தவனும் உண்டு. தேவா எதையும் தடுக்கவில்லை. பொந்துக்கிட்டே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகணும் என்று மட்டும் சொன்னார்.

நானும் அனுப்பினேன். என் நிரஞ்சனுக்கு எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று ஒரு கேள்வி. "ஏம்ப்பா வேலை செய்யற அக்காவெல்லாம் இந்த லிப்ட்ல ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்குது?" என்று அந்த அக்காவை வைத்துக்கொண்டே கேட்பான். "ஏம்ப்பா நீ சிரிக்காமயே சிரிக்கிற பொம்மையை அனுப்பற?" என்று என் போனை எட்டிப் பார்த்துக் கேட்பான். எத்தனைக்குத்தான் பதில் சொல்வது? உள்ளூர் லீவு ஒன்றில் அவனுக்குத் தொப்பியை மாட்டிவிட்டு, "இந்த ஏனை இன்னிக்கு மரத்துக்குக் குடுத்துட்டு வந்துரு சாமி" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்ப்பா?" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி ஏன் அதுதான்.

புரட்டாசி வந்து, பிள்ளைகள் எல்லாம் வலது கையால் சாப்பிட்டு, இருட்டில் தனியாகத் தூங்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, குடியிருப்பே ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆகியிருந்த ஒரு காலையில், குருவிகள் காட்டை விட்டு இறங்கி வந்தன. மரத்துக்குக் கொடுத்தது எந்த வீட்டிலிருந்து போனதோ அந்த வீட்டு பால்கனிக்கே சரியாக வந்தன. டி பிளாக்கில் ஒரு மைனா, "அம்மா லைட்டைப் போடு, பயமா இருக்குது" என்றது. ஆறாவது மாடியில் ஒரு தவிட்டுக்குருவி விடிந்தும் விடியாமலும் வாய்விட்டுச் சிரித்தது. அழுகைகள் எல்லாம் கூட்டமாகத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து அழுதன. என் வீட்டுக் குளியலறை ஜன்னலில் ஒரு கொண்டைக்குருவி வந்து, நான் முகம் மழிக்கும்போதெல்லாம், "ஏம்ப்பா? ஏம்ப்பா?" என்றது. நான் பழைய செய்தித்தாளை உருட்டி ஜன்னல் கம்பிக்குள் திணித்தேன். எல்லோரும் புறாவுக்குப் போடுகிற வலையை வாங்கி பால்கனியில் அடித்தோம்.

சுகந்தி மட்டும் வலை அடிக்கவில்லை. அவள் பால்கனியின் துணி காயப்போடும் கம்பியில் ரெட்டைவால் குருவி வந்து உட்கார்ந்த முதல் நாள், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். குருவி நிலாவைத் துடைப்பவரைப் பற்றிச் சொன்னது. முருங்கைக்காயின் வலியைப் பற்றிச் சொன்னது. அதுவரை தன்விகா பேசிய எதையும் சுகந்தி முழுசாகக் கேட்டதில்லை என்பதால் அவளுக்கு எல்லாமே புதுசாக இருந்தது. அலங்கார மீன் கடையில் விற்கும் புழுவை வாங்கிவந்து கிண்ணத்தில் வைத்தாள். "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு தங்கம்?" என்று கேட்டாள். மகள் மகளாகப் பேசிக்கொண்டிருந்த ஏழு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு கேள்வி எங்கள் காதில் விழுந்ததே இல்லை.

தன்விகா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். சிலேட்டில் 'பசிக்குது' என்று எழுதிக் கதவோடு ஒட்டிப் பிடிப்பாள். சுகந்தி திரும்பாமலே, "ஒரு நிமிசம் கண்ணு, அவ பேசி முடிக்கட்டும்" என்பாள். ஒருநாள் அந்தக் குழந்தை கம்பியைப் பிடித்து ஆட்டிக் குருவியைப் பறக்கவிட்டபோது, "ஏண்டி அவளை வெரட்டற? உனக்கு என்ன செஞ்சா அவ?" என்று சுகந்தி கத்தியது என் வீட்டு அடுப்படிவரை கேட்டது. அன்றைக்கு நான் அடுப்படிக் கதவைச் சாத்தினேன்.

ஐப்பசியில் சுகந்தி தேவாவிடம் போய், பேச்சைத் திருப்பி வாங்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். "குடுத்ததைத் திருப்பி யாரும் கேட்டதில்லைங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார். "தீபாவளிக்கு அடுத்த நாள் லீவு, வேன் வருது. குருவியையும் கொழந்தையையும் ஒண்ணாக் கூட்டிட்டு வாங்க. அவ பொந்துல வாயை வெக்கட்டும், குருவி பக்கத்துல இருந்துதுன்னா ஆகும்னு நெனைக்கறேன்."

சுகந்தி ஓடிவந்து மகளிடம் சொன்னாள். அன்று நடந்ததைப் பிற்பாடு அவளே என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தன்விகா சிலேட்டில், 'வாங்கிட்டா குருவி போயிருமா?' என்று எழுதினாள். "போகும் கண்ணு, அது பேச்செல்லாம் உங்கிட்டயே வந்துரும்" என்றாள் சுகந்தி. குழந்தை அழித்துவிட்டு, 'அப்ப நான் பேசினா கேப்பியா, திட்டுவியா?' என்று எழுதினாள். அந்த நேரம் பார்த்துக் கம்பியிலிருந்து, "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்று குருவி கூப்பிட்டது. "இரு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு சுகந்தி பால்கனிக்குப் போனாள்.

சங்கக் கூட்டம் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் நடந்தது. குருவித் தொல்லைக்கு முடிவு கட்ட, தீபாவளி காலையில் ஏழு பிளாக்குக்கும் நடுவில் பத்தாயிரம் வாலாவாக ஆறு சரம் சேர்த்து வெடிப்பது, ஒரே வெடியில் எல்லாம் மலை தாண்டிப் போய்விடும், திரும்பாது என்று தீர்மானம் வந்தது. சுகந்தி எழுந்து நின்றாள். "ஒரே ஒரு நாள் தள்ளி வையுங்க. தீபாவளிக்கு மறுநா எம் பொண்ணுக்குப் பேச்சு வந்துரும். அப்புறம் என்ன வேணா வெடிங்க, நானே வந்து பத்த வெக்கறேன்."

"உங்க கஷ்டம் புரியுதுங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "ஆனா தீபாவளிக்கு மறுநா வெடிச்சா போலீசு கேக்கும். உங்க ஒரு குருவிக்காக நூத்திப் பதினோரு வீட்டுக்காரங்க தூக்கத்தைக் கெடுத்துக்க முடியுங்களா? வேணும்னா ஒண்ணு செய்யுங்க, அன்னிக்கு ஒரு நாள் அதைப் புடிச்சு வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க."

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினோம். நானும் தூக்கினேன், என் ஜன்னலில் திணித்த செய்தித்தாளை நினைத்துக்கொண்டு. அந்த வருஷம் பள்ளியில் பேட்ஜ் வாங்கிய பிள்ளைதான் முதல் சரத்தைப் பற்றவைக்கும் என்பது எங்கள் குடியிருப்பு வழக்கம் என்பதால், தன்விகாதான் பற்றவைக்க வேண்டும் என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு சந்தோஷம் இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தீபாவளியன்று விடிந்ததும் சுகந்தி குருவியைக் கூப்பிட்டுக் கூடத்துக்குள் வரவைத்து, ஒரு தாம்பாளத்தில் விட்டு, காய்கறி கழுவுகிற ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து மூடி, ஜன்னல் கதவையெல்லாம் சாத்தினாள். மூன்று மாசத்தில் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து பார்த்ததில்லை என்று பலகாரம் கொடுக்கப் போன என் மனைவி சொன்னாள். "நாளைக்கு இந்நேரம் நீயே பேசுவே" என்று மகளின் உச்சியில் எண்ணெய் வைத்து, குளிப்பாட்டி, புதுப் பாவாடை உடுத்திவிட்டு, "இதுக்குப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கோ தங்கம், யாரு வந்தாலும் தொறந்துராதே, அம்மா தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன்" என்று குளியலறைக்குப் போனாள்.

கீழே நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். சரத்தைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு வைத்திருந்தோம். தன்விகா இரண்டு கையிலும் தாம்பாளத்தை ஏந்தி, மேலே கவிழ்த்த கூடையைத் தாடையால் அழுத்திக்கொண்டு, படி படியாக இறங்கி வந்தாள். பலகாரத் தட்டு என்று நினைத்து நாச்சிமுத்து நகர்ந்து வழி விட்டார். அவள் தாம்பாளத்தைச் சரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, கை நீட்டி ஊதுபத்தியை வாங்கினாள். கூடைக்குள்ளிருந்து, "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டது. எங்களுக்கு அப்போதுதான் அது என்னவென்று புரிந்தது. நான் நாலு அடி தள்ளித்தான் நின்றேன். போய்த் தூக்கியிருக்கலாம்.

அவள் திரியைப் பற்றவைத்தாள். நன்றாகப் பிடித்துக்கொண்டதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கினாள்.

முதல் வெடியிலேயே குருவி மேலே போய்விட்டது. இரண்டாவதில் தொட்டிமேலிருந்த அழுகைகள் எழுந்தன, ஆறாவது மாடிச் சிரிப்பு எழுந்தது, பயம் எழுந்தது, இடது கை எழுந்தது, என் கொண்டைக்குருவியும் எழுந்தது. புகைக்கு மேலே ஒரு கறுப்புத் துணியை உதறின மாதிரி எல்லாம் ஒன்றாகத் திரும்பி மலையின் அந்தப் பக்கம் இறங்கின. சரம் முடிய ஆறு நிமிஷம் ஆனது. நாங்கள் கை தட்டினோம்.

சுகந்தி ஈரத் தலையில் சீயக்காய்த் தூளோடு ஓடிவந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாள். குழந்தை சுருண்டு விழுந்து எழுந்து உட்கார்ந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மார்பு ஏறி இறங்கியது, வாய் அகலமாகத் திறந்தே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அப்போதுதான் சுகந்திக்கு என்ன போய்விட்டது என்று தெரிந்தது என்று நினைக்கிறேன். அவள் மண்டியிட்டு மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அழுடி. சத்தமா ஒரு தடவை அழுடி. நான் கேக்கறேன்டி, எதுனாலும் கேக்கறேன், அம்மான்னு ஒரு தடவை."

தன்விகா வாயைத் திறந்தபடியே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஈரப் புடவையில் புதைத்துக்கொண்டாள். குருவியின் நினைப்பில்லாமல் அம்மா அவளைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"விடுங்க அம்மிணி, நல்ல நாள் அதுவுமா" என்றார் நாச்சிமுத்து. யாரோ அதிரசத் தட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

என் மகன் என் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கூடையைப் பார்த்தான், அந்த அம்மாவையும் பெண்ணையும் பார்த்தான், அதிரசத்தைக் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான். கேட்பான் என்று காத்திருந்தேன். பிறந்ததிலிருந்து அவன் கேட்ட எல்லா ஏனையும்விட அந்த ஒரு ஏன் எனக்கு வேண்டியிருந்தது, அதற்கு என்ன பதில் என்றுகூட நான் யோசித்து வைத்துவிட்டேன். அவன் குனிந்து, சிவப்புக் காகிதக் குப்பைக்குள் கையை விட்டு, வெடிக்காத பட்டாசைப் பொறுக்க ஆரம்பித்தான்.